பதினோரு நிமிட மௌனம்

சிவகணேஷ் எடுத்த முதல் படம் இருபத்திரண்டு நிமிடம் ஓடும். அதில் பதினோரு நிமிடம் ஒரு பெண் ரோட்டோரத்தில் நின்றுகொண்டே இருப்பாள். பிறகு ஒரு டவுண் பஸ் வரும். அவள் கையை நீட்டுவாள். பஸ் நிற்காமல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விடும். அவள் நடக்க ஆரம்பிப்பாள். மீதி நேரம் முழுக்க நடந்துகொண்டிருப்பாள். படத்தின் பெயர் ‘நிசப்தத்தின் முதுகு’.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடி மாதம் எடுத்தது. எம்.ஏ. முடித்துவிட்டு இரண்டு வருஷமாக அப்பாவின் கண்ணில் படாமல் வீட்டிலேயே வாழக் கற்றிருந்த சிவகணேஷ்தான் இயக்குநர். கேமரா நண்பன் நாசருடையது. அரபு நாட்டில் வேலைபார்த்த அவனுடைய மாமா தம்மாமிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அதை வைத்து மேலப்பாளையத்திலும் டவுணிலும் கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். கதை ஹெப்சிபாவுடையது. சிவகணேஷோடு எம்.ஏ. தமிழ் படித்தவள், பாளையங்கோட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சீவலப்பேரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஊருக்குள் போகும் சாலை பிரிகிற கீழமருதங்குளம் விலக்கில் ஒரு பெண் கை நீட்டியும் பஸ் நிற்காமல் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். அதை இரண்டு பக்கக் கதையாக எழுதினாள். கதையில் அந்தப் பெண் கண்டக்டரை வாய்க்கு வந்தபடி ஏசுவாள். சிவகணேஷ் அந்த வசனங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான்.

“ஏசுனா ஜனங்களுக்குப் புரிஞ்சிரும்” என்றான்.

“புரியட்டுமே” என்றாள் ஹெப்சிபா.

“புரிஞ்சிட்டா அப்புறம் என்ன யோசிப்பாங்க?”

நடிக்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. விலக்கில் போய் இறங்கியபோது, களை எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பாக்கியவதி எதிரே வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டாள். கல்யாணம் இல்லை, படம் என்றதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சும்மா நிற்பதுதானே என்று நின்றாள். சிவகணேஷ் அவள் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி வேலிக்குப் பின்னால் வைக்கச் சொன்னான். வறுமை தெரிய வேண்டும் என்பது அவன் எண்ணம். பஸ்காரர்களிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை. பஸ் தானாகவே நிற்காமல் போனது. ஒரே டேக்கில் முடிந்ததில் அவனுக்குப் பெருமை.

நாசரின் வீட்டில் இரண்டு வீடியோ டெக்கை இணைத்து எடிட்டிங் நடந்தது. அப்போதுதான் திரையின் மூலையில் தேதியும் நேரமும் பதிவாகியிருப்பது தெரிந்தது. கல்யாண வீட்டுப் பழக்கத்தில் நாசர் அதை அணைக்க மறந்திருந்தான். சிவகணேஷ் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

“காலமே இல்லாத ஒரு வெளியைக் காட்டுதோம். அதுல ‘21-7-96, 11:32’னு போட்டிருக்கியே, உனக்கே நல்லா இருக்காலே?”

“காலமில்லாத வெளின்னு மொதல்லயே சொல்லியிருந்தா அணைச்சிருப்பேன்ல” என்றான் நாசர்.

முதல் திரையிடல் பாளையங்கோட்டையில், ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் நடந்தது. முப்பத்தொரு பேர் வந்தார்கள். சிவகணேஷின் அப்பா ஆவுடைநாயகமும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். பத்திரப் பதிவு அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்றவர். எதைக் கொடுத்தாலும் பேனாவோடுதான் படிப்பார். ஹெப்சிபா ஆளுக்கொரு துண்டுச் சீட்டும் பென்சிலும் கொடுத்து, படம் முடிந்ததும் கருத்தை எழுதிப் போடச் சொன்னாள். அதற்கு ஒரு பிஸ்கட் டப்பாவும் வைத்திருந்தாள்.

ஜனம் எழுதித் தள்ளிவிட்டது. ஒருவர், படம் நன்று, ஆனால் சத்தமே வரவில்லை, டி.வி. பழுதா என்று கேட்டிருந்தார். இன்னொருவர் அந்தப் பெண் ஏன் ஆட்டோ பிடிக்கவில்லை என்று விசாரித்திருந்தார். படத்தில் யாருடைய முதுகும் சரியாகக் காட்டப்படவில்லை என்பது ஒரு குறை. இரண்டு பாட்டுச் சேர்த்தால் நன்றாக இருக்கும், வாய்ப்புக் கொடுத்தால் தானே எழுதித் தருவதாக ஒரு கவிஞர் சீட்டின் பின்பக்கத்தில் முகவரி கொடுத்திருந்தார். கையெழுத்தில்லாத ஒரு சீட்டில் மட்டும் சிவப்பு மையில் இருந்தது: ‘இறுதியில் நன்றிகள் என்று போட்டிருப்பது பிழை. நன்றிக்குப் பன்மை இல்லை.’ அந்தக் கையெழுத்தை சிவகணேஷ் ஒன்றாம் வகுப்பிலிருந்து பார்த்துவருகிறான்.

அவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் உட்கார்ந்து பதில் எழுத ஆரம்பித்தான். ‘பார்வையாளர்களுக்கு ஒரு பதில்’ பதினான்கு பக்கம் வந்தது. ஹெப்சிபா ஸ்டென்சிலில் அடித்தாள். வாசலில் வைத்திருந்த நோட்டில் முகவரி எழுதிப்போன எல்லாருக்கும் சைக்ளோஸ்டைல் பிரதி போனது. ஆறாம் பக்கத்தில், அந்தப் பெண் நிற்கும்போது கால்களை மாற்றி மாற்றி வைப்பதைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். ‘அது காத்திருப்பின் நடனம். பூமியோடு அவள் உடல் நடத்தும் ஆதி உரையாடல்.’ ஒன்பதாம் பக்கத்தில், பஸ் என்பது பஸ் அல்ல என்று அடிக்கோடிட்டுச் சொல்லியிருந்தான்.

பதிலுக்கு மூன்று பதில்கள் வந்தன. இரண்டு, சந்திப் பிழைகளைப் பட்டியலிட்டவை. மூன்றாவது ஒரு பள்ளி ஆசிரியை எழுதியது. ‘படம் பார்த்தபோது அந்தப் பெண்ணை நினைத்து எனக்கு அழுகை வந்தது. உங்கள் விளக்கத்தைப் படித்தபின் வரவில்லை’ என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ஹெப்சிபாதான் சொன்னாள். “நம்ம எடுத்த படத்த அந்த ஊர்லயே இன்னும் காட்டலியே கணேஷ்.”

“அவங்களுக்குப் புரியாது.”

“இங்கன மட்டும் புரிஞ்சிட்டாக்கும்?”

நாசருக்குத் தெரிந்த ஒரு ஆட்டோவில் டி.வி.யையும் டெக்கையும் ஏற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கீழமருதங்குளத்துக்குப் போனார்கள். பள்ளிக்கூட வாசலில் பெஞ்சு போட்டு டி.வி.யை வைத்தார்கள். ஊரே வந்துவிட்டது. முன்னால் பிள்ளைகள், பின்னால் பெண்கள், சுவரோரம் ஆண்கள். சிவகணேஷ் எழுந்து, படம் பார்க்கும்போது அமைதியாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டான்.

படம் ஆரம்பித்ததும் சத்தமும் ஆரம்பித்தது.

“ஏட்டி, அது நம்ம கோமு வீட்டு ஆடுல்லா!”

“வேலிய மேஞ்சிக்கிட்டு நிக்கி பாரு. கேட்டா எங்க ஆடு இல்லம்பா.”

பதினோரு நிமிட மௌனத்தில் ஒரு நிமிடம்கூட அங்கே மௌனமாகக் கழியவில்லை. யார் வயல், யார் வேலி, தூரத்தில் சைக்கிளில் போவது யார் என்று எல்லாம் முடிவாகிவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாக்கியவதி தன்னைத் திரையில் பார்த்து முதலில் வெட்கப்பட்டாள். பிறகு விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள்.

“காலப் பாத்தியளா? இந்தத் தம்பிதான் செருப்பக் கழட்டுங்கன்னாவ. தாரு ரோடு அடுப்பு மாதிரி கொதிக்கி. எவ்வளவு நேரம் நிக்க? அதான் மாத்தி மாத்தி வச்சிக்கிட்டு நிக்கேன். பொறவு ரெண்டு நாளா கால தரையில ஊனமுடியல.”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். ஹெப்சிபா மெதுவாகத் திரும்பி சிவகணேஷைப் பார்த்தாள். அவன் டெக்கில் ஏதோ சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டான். ஆறாம் பக்கம் முப்பத்தொரு பேர் வீட்டில் இருந்தது. ஒன்றும் செய்ய முடியாது.

அப்போது பஸ் வந்தது. திரையில் பாக்கியவதி கையை நீட்டினாள். பஸ் அவளைக் கடந்து போனது. கூட்டம் எழுந்து நின்றுவிட்டது.

“பாத்தியாவே! பாத்தியா! நிக்கல!”

“பின்னால சுத்து, பின்னால சுத்து!”

நாசர் பின்னால் சுற்றினான். பஸ் மறுபடியும் நிற்காமல் போனது. விசில் பறந்தது. ஐந்து தடவை போட்டான். ஐந்து தடவையும் கைதட்டல். சிவகணேஷுக்குக் கண் கலங்கியது. படிக்காத ஜனங்கள் தன் படத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்தான். பதினான்கு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு பக்கத்தில் வேறு மாதிரி எழுதலாம் என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

பாக்கியவதி அவனிடம் வந்தாள்.

“தம்பி, இந்தக் கேசட்ட எங்களுக்குத் தரணும்.”

“வீட்டுல போட்டுப் பாக்கவாக்கா?”

“கலெக்டர் ஆபீசுல போட்டுக் காட்ட. மூணு வருசமா இங்கன பஸ்ஸு நிக்காது தம்பி. இது நிறுத்தம்னு பேப்பர்ல இருக்கு. மூணு மனு குடுத்தாச்சு. ஒவ்வொரு தடவையும் பஸ்காரவுக ‘நின்னுதான் போவுது’ன்னு எழுதிக் குடுத்துருதாவ. நிக்கலேங்கதுக்குச் சாட்சி என்னன்னு நம்மளக் கேக்காவ. இந்தா இருக்குல்லா சாட்சி!”

“இது மனு இல்லக்கா, படம். இதுல வர்ற பஸ்ஸு நெசமான பஸ்ஸு இல்ல.”

“பின்ன என்னது?”

“அது ஒரு குறியீடு. காலம்னு வச்சிக்கிடுங்க.”

“அந்தக் காலம் எங்கன போவுது?”

“அது... எங்க வேணாலும் போவும்.”

“போர்டுல ஜங்ஷன்னுல்லா எழுதியிருக்கு” என்றாள் பாக்கியவதி. “நானும் அங்கனதான தம்பி போவணும்.”

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

மறுநாள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மூவரும் கூடினார்கள். பக்கத்தில் பத்து மெஷின்கள் தடதடத்துக்கொண்டிருந்தன.

“கலையைக் கொண்டுபோய் மனுவா நீட்டணுமா? நாளைக்குச் சரித்திரத்துல என்ன சொல்லுவாங்க?” என்றான் சிவகணேஷ்.

“சரித்திரம் வந்து கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்” என்றான் நாசர். “கேசட்டு என் கேசட்டு.”

ஹெப்சிபா குரலை உயர்த்தவில்லை. “கதை என்னுது. ரோடும் பஸ்ஸும் அவங்களுது. சுட்ட காலும் அவங்களுதுதான். உன்னோடதுன்னு படத்துல இருக்கது மௌனம் மட்டுந்தான். அத வேணும்னா தனியா எடுத்து வச்சிக்கோ.”

சிவகணேஷ் கடைசியில் தானும் கூட வருவதாகச் சொன்னான். தான் இல்லாவிட்டால் அங்கே படத்தை வேகமாக முன்னால் ஓட்டி ஓட்டிக் காட்டுவார்கள் என்று பயந்தான்.

அடுத்த திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலக வாசல் மனுக்காரர்களால் நிறைந்திருந்தது. எல்லாரும் கையில் காகிதத்தோடு நிற்க, நாசர் தலையில் டி.வி.யோடு உள்ளே நுழைந்தான். சிவகணேஷ் டெக்கைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு பின்னால் போனான். பாக்கியவதியோடு ஊரிலிருந்து எட்டுப் பேர் வந்திருந்தார்கள். சேதி போய்ச் சேர்ந்து பஸ் முதலாளி தேவசிகாமணியும் வெள்ளை வேட்டியில் வந்துவிட்டார். ‘நவமரகதம்’ என்ற பெயரில் நான்கு பஸ் ஓட்டுகிறவர்.

போக்குவரத்து மனுக்களைப் பார்க்கிற அதிகாரிக்கு அது புது அனுபவம். பிளக் பாயிண்ட் தேடி, அவருடைய மேஜை விசிறியைப் பிடுங்கிவிட்டு டி.வி.யைச் சொருகினார்கள். படம் ஓடியது. இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்தார்.

“ஒண்ணும் நடக்கலியேப்பா?”

“அதான் சார் படம்” என்றான் சிவகணேஷ்.

“கொஞ்சம் முன்னால ஓட்டுங்க.”

நாசரின் விரல் பட்டனுக்குப் போனது. “ஓட்டாதலே!” என்று சிவகணேஷ் கத்திவிட்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, “சார், இது ஒரே ஷாட். நடுவுல வெட்டே கிடையாது. ஓட்டிட்டா அதோட உயிரே போயிரும்” என்றான்.

அதிகாரி நிமிர்ந்தார். “வெட்டே கிடையாதா?”

“ஒரு இடத்துலகூட இல்ல சார். பதினோரு நிமிஷமும் தொடர்ச்சி.”

“அப்ப மூலையில ஓடுற நேரம்?”

“அது நெசமான நேரம் சார்” என்றான் நாசர், மார்பை நிமிர்த்தி.

அதிகாரி பேனாவைத் திறந்தார். அதற்குப் பிறகு ஓட்டச் சொல்லவில்லை. பதினோரு முப்பத்திரண்டிலிருந்து பதினோரு நாற்பத்து மூன்று வரை கண்கொட்டாமல் பார்த்தார். சிவகணேஷின் படத்தை அவ்வளவு கவனமாக அதற்கு முன்பும் யாரும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. பஸ் வந்தபோது நிறுத்தச் சொல்லி, வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

“என்ன அண்ணாச்சி, உங்க வண்டிதானே?”

தேவசிகாமணி டி.வி.க்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். “கேமராவுல என்ன வேணாலும் காட்டலாம் சார். அந்தப் பொம்பள கையைச் சரியா நீட்டல.”

“இதுக்கு மேல எப்படி நீட்ட? கையக் கழட்டி ரோட்டுலயா போட?” என்றாள் பாக்கியவதி. ஹெப்சிபாவின் கதையில் இருந்த வசனம்கூட இவ்வளவு நன்றாக இல்லை.

அதிகாரி மனுவின் ஓரத்தில் எழுதினார்: ‘மேற்படி பேருந்து நிறுத்தத்தில் நிற்காமல் செல்வது ஒளிப்பதிவில் ஐயத்துக்கிடமின்றித் தெளிவாகத் தெரிகிறது.’ சிவகணேஷ் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டான். ஐயத்துக்கிடமின்றி, தெளிவாக என்ற இரண்டு வார்த்தைகளும் அவனுக்கு எப்படியோ இருந்தன. பெருமையாகவும் இருந்தது. அவமானமாகவும் இருந்தது.

வெளியே வந்தபோது தேவசிகாமணி அவனை ஓரமாகக் கூப்பிட்டார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தான்.

“தம்பி, புழுதிக்குள்ளேருந்து வண்டி வருது பாரு, ஐராவதம் வர்ற மாதிரி. அந்த இடத்த மட்டும் பெரிசா ஒரு போட்டோ போட்டுத் தாரியா? ஆபீசுல மாட்டணும்.”

அடுத்த வாரத்திலிருந்து கீழமருதங்குளம் விலக்கில் பஸ் நின்றது. ஆள் இல்லாவிட்டாலும் ஒரு நிமிடம் நின்று, டிரைவர் நாலாபக்கமும் வேலியை உற்றுப் பார்த்துவிட்டு, கேமரா எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே எடுத்தான்.

ஊர்க்காரர்கள் அதோடு விடவில்லை. படத்தின் முடிவை மாற்ற வேண்டும் என்று பாக்கியவதியே பாளையங்கோட்டைக்கு வந்து சொன்னாள். அதுவும் அந்த பஸ்ஸிலேயே வந்து.

“இப்பதான் நிக்குதுல்லா தம்பி. படத்துல மட்டும் நிக்காமப் போனா, பாக்கவங்க நம்ம ஊர என்ன நெனைப்பாவ?”

சிவகணேஷ் மறுத்தான். மனிதனின் காத்திருப்புக்கு முடிவே கிடையாது என்பதுதான் படம், அதில் பஸ்ஸை நிறுத்த முடியாது என்றான். பாக்கியவதி பொறுமையாகக் கேட்டுவிட்டு நாசரைத் தேடி மேலப்பாளையத்துக்குப் போய்விட்டாள். இரண்டு வாரம் கழித்து நாசர் புதுக் கேசட்டைக் கொண்டுவந்து போட்டான். பழைய படம் முடிந்ததும் ஒரு நொடி கறுப்பு. பிறகு அதே விலக்கு. பாக்கியவதி நல்ல சேலையும் செருப்பும் போட்டுக்கொண்டு நிற்கிறாள். பஸ் வந்து நிற்கிறது. தலையைப் படிய வாரியிருந்த டிரைவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். ஒரே பஸ்ஸில் கீழமருதங்குளமே ஏறுகிறது. கடைசியாகக் கோமு தன் ஆட்டையும் ஏற்றப் பார்க்க, கண்டக்டர் தடுக்கிறார். ‘நன்றி’ என்று வருகிறது. ஒருமையில்.

சிவகணேஷ் எழுந்து, ஹெப்சிபாவின் மேஜையில் காகிதம் தேடினான்.

“என்ன எழுதப் போறே?”

“ஒரு விளக்கம். இந்த முடிவுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லன்னு.”

“ஸ்டென்சில் தீந்து போச்சு” என்றாள் ஹெப்சிபா. அவளுக்குப் பின்னால் அலமாரியில் புது ஸ்டென்சில் கட்டு ஒன்று பிரிக்காமல் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

செய்தி பரவியது. ஆழ்வார்குறிச்சிப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து, தங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் வருவதில்லை, ‘இந்த மாதிரி ஒண்ணும் நடக்காத படம்’ ஒன்று வேண்டும் என்றார்கள். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டார்கள். சிவகணேஷ் முதலில் அவமானப்பட்டான். பிறகு போய் எடுத்தான். எடுப்பதற்கு முன்னால் வெயிலில் யாரையும் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. அவர்களிடமே எங்கே நிற்பீர்கள், எப்போது வருவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டான். படத்துக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் பழைய குணம் எட்டிப் பார்த்தது. ஹெப்சிபா அவன் வைத்த பெயரை அடித்துவிட்டு ‘தண்ணீர் வரவில்லை’ என்று எழுதினாள்.

மார்கழியில் நாசரின் பெரியம்மா ஆசியா உம்மாள் ஆள் அனுப்பினாள். மேலப்பாளையத்தில் முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறவள். பீடியை வாங்குகிற கடைக்காரன் நல்ல பீடியையும் கழிவு என்று ஒதுக்கிக் கூலியைக் குறைத்துவிடுகிறான், அதைப் படம் எடுக்க வேண்டும் என்றாள். மூவரும் போனார்கள். அவள் மடியில் முறத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாசர் கேமராவை வைத்தான். ஹெப்சிபா நோட்டைத் திறந்தாள்.

“எத்தன நிமிசம் வாய மூடிக்கிட்டு இருக்கணும் வாப்பா?” என்று ஆசியா உம்மாள் சிவகணேஷிடம் கேட்டாள். “உங்க படத்துல பேசப்படாதாமே.”

அவன் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

“பேசுங்கம்மா” என்றான்.

ஆசியா உம்மாள் முறத்தைப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள். நாற்பது நிமிடம் கழித்து நாசர் கேசட் முடிந்துவிட்டதாகச் சைகை காட்டினான். அவள் அப்போதுதான் எழுபத்தெட்டாம் வருஷத்துக்கு வந்திருந்தாள். சிவகணேஷ் சட்டைப்பையிலிருந்து சைக்கிள் சாவியை எடுத்து நாசரிடம் கொடுத்து, இன்னும் மூன்று கேசட் வாங்கிவரச் சொன்னான்.